மெரிடாவில் ஒரு ராத்திரியாவது தங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஸ்பெயின் போகிற நம்மவர்கள் மாட்ரிட், பார்சிலோனா, செவியா என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். செவியாவிலிருந்து வடக்கே பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், மெரிடா வந்துவிடும். போர்க்களத்திலிருந்து ஓய்வுபெற்ற வீரர்களைக் குடிவைப்பதற்காக ரோமப் பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 25இல் உண்டாக்கிய ஊர், பிறகு லூசித்தானியா என்கிற ரோம மாகாணத்துக்கே தலைநகராக இருந்தது.

போனதும் முதலில் ரோமானியர்கள் கட்டிய பாலத்துக்குப் போங்கள். குவாதியானா ஆற்றின் மேல் முக்கால் கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்கு, வளைவு வளைவாகக் கருங்கல்லில் போய்க்கொண்டே இருக்கும். நடுநடுவே இடிந்து, பழுதுபார்த்து, திரும்பக் கட்டி என்று எல்லாம் நடந்திருக்கிறது, ஆனாலும் 1990களின் தொடக்கம் வரை அதன்மேல் காரும் லாரியும் ஓடின. பக்கத்தில் புதுப் பாலம் வந்த பிறகுதான் இதை நடப்பவர்களுக்கென்று விட்டார்கள். ஆற்றோரம் இறங்கிக் கீழேயிருந்து பாருங்கள்: தண்ணீர் வந்து மோதுகிற பக்கம் தூண்களை உருட்டையாகக் கட்டியிருக்கிறார்கள், தூணுக்கு உள்ளேயே சின்னதாக ஒரு வளைவு விட்டிருக்கிறார்கள். வெள்ளம் ஏறினால் அது வழியாகவும் தண்ணீர் பாய்ந்துவிடும், பாலத்தின் மேல் பாரம் குறையும். எனக்கு இந்த ஊரில் ரொம்பப் பிடித்தது அந்தச் சின்ன வளைவுதான்.

அப்புறம் நாடக அரங்கம். அகஸ்டஸின் தளபதி அக்ரிப்பா காலத்தில் கட்டியது, ஏறத்தாழ 6,000 பேர் உட்காரலாம். பல நூறு வருஷம் இது மண்ணுக்குள்தான் கிடந்தது. மேல்வரிசையின் ஏழு துண்டுகள் மட்டும் தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்க, ஊர்க்காரர்கள் அதை ஏழு நாற்காலி என்று சொல்லி, ஏழு மூர் (வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம்) ராஜாக்கள் அதில் உட்கார்ந்து ஊரின் தலைவிதியை முடிவுசெய்தார்கள் என்று கதையும் கட்டிவிட்டார்கள். 1910இல் தோண்டத் தொடங்கினார்கள், 1933இல் அதே மேடையில் மறுபடி நாடகம் போட்டார்கள். இப்போது கோடையில் அங்கே நாடக விழா நடக்கிறது. பகல் வெயில் நாற்பது டிகிரியைத் தொடுகிற பூமி என்பதால் ராத்திரி நேரம் கழித்துத்தான் ஆரம்பிப்பார்கள், தங்கச் சொல்வது இதற்காகத்தான். பகலில் பஸ்ஸில் வந்து சாயங்காலமே கிளம்புகிறவர்கள் காலியான கல் படிகளை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

டயானா கோயில் என்று சொல்கிற இடத்தில் தூண்களுக்கு நடுவே பதினாறாம் நூற்றாண்டுப் பிரபு ஒருவர் மாளிகை கட்டிக்கொண்டார். பார்க்கக் கொஞ்சம் உறுத்தும்தான், ஆனால் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டதால்தான் அந்தத் தூண்களை யாரும் பெயர்த்துக்கொண்டு போகவில்லை. ஆற்றங்கரையில் அரபுக்காரர்கள் 835இல் கட்டிய கோட்டையிலும் இப்படித்தான், தொட்டித் தண்ணீருக்கு இறங்குகிற படிக்கட்டில் அவர்களுக்கு முன்னால் ஸ்பெயினை ஆண்ட விசிகோத் இனத்தார் காலத்துச் சிற்பத் தூண்களை எடுத்து நிறுத்தியிருக்கிறார்கள்.

ஊர் ஓரத்தில் லோஸ் மிலாக்ரோஸ் என்கிற கால்வாய்ப் பாலம் நிற்கிறது. கருங்கல் சில வரிசை, செங்கல் சில வரிசை என்று மாற்றி மாற்றி அடுக்கிய, சுமார் 25 மீட்டர் உயரத் தூண்கள். ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த அந்தத் தூண்களின் உச்சியில் இப்போது செங்கால் நாரைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன.

அரங்கம், கோட்டை இன்னும் சில இடங்களுக்குச் சேர்த்து ஒரே டிக்கெட் தருகிறார்கள், அதையே வாங்குங்கள். பாலத்துக்கும் கால்வாய்க்கும் டிக்கெட்டே கிடையாது, எந்நேரமும் போகலாம். நன்றி, வணக்கம்.