ரஷ்யப் பெண்கள் இயக்கம் மேற்கிலிருந்து வாங்கிய இரவலா?

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "ரஷ்யாவில் பெண்ணுரிமை என்பதே மேற்கு ஐரோப்பாவிடம் வாங்கிய இரவல்தானே? 1917 அக்டோபர் புரட்சிக்கு முன்னால் அங்கே என்ன இருந்தது?"

வாங்கினார்கள், உண்மைதான். பாரிஸில் புரூதோன், மிஷ்லே போன்ற பெரிய எழுத்தாளர்களே பெண் ஆணுக்குக் கீழ் என்று எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களுக்கு ஜென்னி தெரிகூர் என்ற பெண்மணி சுடச்சுடப் பதில் கொடுத்தார். அப்போது பாரிஸ் போயிருந்த ரஷ்யக் கவிஞர் மிகாய்லோவ் அவரோடு பழகியவர். ஊர் திரும்பியதும் பெண் கல்விக்காகத் தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார். பீட்டர்ஸ்பர்க்கில் இயக்கத்தை முன்னின்று நடத்திய மரியா த்ருப்னிகோவாவின் அம்மாவே பிரெஞ்சுக்காரர். பெண்களுக்கு உயர்கல்வி வேண்டும் என்று அங்கே மனு போட்டபோது, 1868இல் இங்கிலாந்திலிருந்து பெண்ணுரிமை பேசிய தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் வாழ்த்துக் கடிதம் அனுப்பினார்.

சரி, மேற்குக்கு அவர்கள் கொடுத்தது என்ன? இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். 1863இல் ரஷ்யப் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்குக் கதவைச் சாத்தின. பண்ணையடிமைக் குடும்பத்தில் பிறந்த நதேஷ்தா சுஸ்லோவா சுவிட்சர்லாந்து போய், 1867இல் சூரிச் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கினார். அங்கே அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். மரீ ஃபோக்ட்லின் என்ற சுவிஸ் பெண்ணுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை, அதை முறித்துக்கொண்டு சுஸ்லோவாவை மணந்தார். மரீ இடிந்துபோய் உட்காரவில்லை. 1868இல் அதே சூரிச்சில் மருத்துவம் படிக்கச் சேர்ந்து, சுவிட்சர்லாந்தின் முதல் பெண் மருத்துவரானார். உள்ளூர்ப் பெண்ணுக்கு அந்த வாசலைத் திறந்துவிட்டவர் ரஷ்யாவிலிருந்து வந்தவர்!

1873 வாக்கில் சூரிச்சில் படித்த பெண்களில் மிகப் பெரும்பாலோர் ரஷ்யப் பேரரசிலிருந்து வந்தவர்கள். ஜார் அரசு மிரண்டது. ஒழுக்கம் கெட்டவர்கள் என்று பழி சுமத்தியது. 1874 ஜனவரி 1க்குப் பிறகும் அங்கே படித்தால் ரஷ்யாவில் தேர்வும் கிடையாது, வேலையும் கிடையாது என்று ஆணை போட்டது. எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிற ஆணை இது. ஆனால் அப்படிப் போகிறவர்களைத் தடுக்க உள்நாட்டிலும் படிக்க வழி செய்தாக வேண்டுமே. 1878இல் பீட்டர்ஸ்பர்க்கில் பெண்களுக்கான பெஸ்துஷேவ் உயர்கல்வி வகுப்புகள் தொடங்கியதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

சூரிச்சில் அப்போது மருத்துவம் படித்தவர்களில் ஒருவர் வேரா ஃபிக்னர். பிறகு புரட்சியாளராகி இருபது வருடங்களுக்கு மேல் சிறையில் கிடந்தார். 1917 மார்ச்சில் பெத்ரோகிராத்தில் (பீட்டர்ஸ்பர்க்கின் அப்போதைய பெயர்) சுமார் 40,000 பெண்கள் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனார்கள். மருத்துவர் ஷிஷ்கினா யாவெய்ன் தலைமை தாங்க, முன்னால் போன காரில் வயதான ஃபிக்னர் இருந்தார். ரஷ்யப் பேரரசுக்குள்ளேயே பின்லாந்துப் பெண்கள் 1906இலேயே வாக்குரிமை பெற்றுவிட்டார்கள், எங்களுக்கு ஏன் இல்லை என்பது இவர்களின் நியாயமான கேள்வி. ஜூலையில், ஜார் ஆட்சி வீழ்ந்த பிறகு வந்த இடைக்கால அரசு அந்த உரிமையைச் சட்டமாக்கியது. அக்டோபருக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.