சுருள் காந்தம் இல்லாமல் அணுக்கரு இணைவு: இசட்-பிஞ்ச் கதை

[திரையில்: ஐடர் கட்டுமானத் தளம்]

வணக்கம். லேசான அணுக்கருக்களை ஒன்றுசேர்த்து ஆற்றல் எடுப்பதுதான் அணுக்கரு இணைவு. அதற்காகத் தெற்கு பிரான்சில் எழும்பிக்கொண்டிருக்கிற ஐடர் உலையில், பிளாஸ்மாவை, அதாவது மின்னேறிய சூடான வாயுவை, பிடித்துவைக்கும் காந்தங்கள் மட்டும் சுமார் 10,000 டன். அவற்றை மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். 2010-ல் கட்டத் தொடங்கினார்கள். இப்போதைய திட்டப்படி, டியூட்டீரியம்-ட்ரிட்டியம் (கனமான ஹைட்ரஜன் வகைகள்) எரிபொருளைத் தொடவே 2039 ஆகிவிடும்.

இதைவிடச் சின்னதாக ஒரு வழி இல்லையா? பல இருக்கின்றன. எல்லாவற்றையும் பட்டியல் போட்டால் தலைதான் சுற்றும். ஒன்றை மட்டும் பார்ப்போம்: இசட்-பிஞ்ச்.

[அனிமேஷன்: ஒளிரும் பிளாஸ்மா இழை]

பிளாஸ்மாவுக்குள் மின்சாரம் பாய்ந்தால், அந்த மின்னோட்டமே தன்னைச் சுற்றி ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். அந்தப் புலம் பிளாஸ்மாவை உள்நோக்கி நெருக்கும்; நெருக்க நெருக்கச் சூடு ஏறும். வெளியே காந்தச் சுருளே வேண்டாம். ஆனால் இழை அடங்கி நிற்காது. தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்ட தோட்டத்து ஹோஸ் போல நெளியும். இல்லையென்றால் ஓரிடத்தில் மெலிந்து அறுந்துபோகும்.

[திரையில்: ஹார்வெல், 1958]

இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆய்வகத்தில் ஸீட்டா என்றொரு கருவி. இதே பிஞ்ச் தத்துவம்தான். இழையை வளையமாக்கி, துணைக்குக் கொஞ்சம் காந்தச் சுருளும் சேர்த்திருந்தார்கள். இணைவு நடந்தால் வெளிவரும் துகள்களான நியூட்ரான்கள் வந்தன. வெப்பநிலை 50 லட்சம் டிகிரி என்று 1958 ஜனவரியில் அறிவித்தார்கள். இது இணைவுதான் என்பதில் 90 சதவீதம் உறுதி என்றார் ஆய்வக இயக்குநர் ஜான் காக்ராஃப்ட். பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன. மே மாதம் அறிவிப்பைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

ஏன்? சூட்டினால் நடக்கும் இணைவில் நியூட்ரான்கள் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கிளம்பும். ஸீட்டாவில் ஒரு பக்கச் சாய்வு தெரிந்தது. பிளாஸ்மா நெளிந்தபோது எழுந்த மின்புலம், சில அணுக்கருக்களை மட்டும் முடுக்கி மோதவிட்டிருந்தது. அந்த மோதல்களை நம்பி மின் நிலையம் கட்ட முடியாது. ஆகவே, புதிய நிறுவனம் ஏதாவது "நியூட்ரான் பார்த்துவிட்டோம்" என்று சொன்னால், எந்தத் திசையில் எவ்வளவு ஆற்றலோடு வந்தன என்று முதலில் கேளுங்கள்.

[அனிமேஷன்: வெவ்வேறு வேகத்தில் ஓடும் பிளாஸ்மா அடுக்குகள்]

1990-களில் அமெரிக்க ஆய்வாளர் யூரி ஷும்லாக் ஒரு வழி சொன்னார்: பிளாஸ்மாவை அடுக்கடுக்காக வெவ்வேறு வேகத்தில் ஓடவிட்டால் நெளிவு வளர்வதற்குள் சிதைந்துவிடும். வாஷிங்டன் பல்கலைக்கழகச் சோதனைகளிலிருந்து 2017-ல் ஸாப் எனர்ஜி என்ற நிறுவனம் பிறந்தது. அவர்களுடைய ஃபியூஸ் கருவியில் இழையின் நீளம் அரை மீட்டர்தான். அதில் எலெக்ட்ரான்கள் 1 கோடி முதல் 3 கோடி டிகிரிக்கும் மேல் சூடானதாக 2024-ல் வெளியிட்டார்கள். பிறகு நியூட்ரான்களையும் திசைவாரியாக அளந்தார்கள். கிட்டத்தட்ட எல்லாப் பக்கமும் சமம். ஸீட்டா கோட்டைவிட்ட பரீட்சை அது.

செலவழித்ததைவிட அதிக ஆற்றலை இன்னும் எடுக்கவில்லை. அதற்கு மின்னோட்டம் பல மடங்கு கூட வேண்டும். எனக்குப் பெரிய கவலை, பிளாஸ்மாவுக்குள் மின்சாரத்தைச் செலுத்தும் மின்முனைதான். லட்சக்கணக்கான ஆம்பியர் முழுவதும் அதன் வழியாகவே போகிறது. மின் நிலையம் என்றால் விநாடிக்குப் பல முறை, மாதக்கணக்கில். எந்த உலோகமும் அரித்துப்போகும். 2024-ல் அவர்கள் ஓட்டத் தொடங்கிய சென்சுரி கருவி இதைச் சோதிக்கத்தான்: சுவராக உருகிய பிஸ்மத் உலோகம் ஓடுகிறது, அதன்மேல் மின்னதிர்வுகளைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்க்கிறார்கள்.