கண்ணால பார்த்த முகம், காதால கேட்ட குரல்

மேடையில இருக்கிற வாசகர் வட்டத் தலைவர் அய்யா அவர்களுக்கும், ஞாயித்துக்கிழமைன்னும் பார்க்காம ஹாலைத் திறந்து விட்ட நூலகர் அம்மா அவர்களுக்கும், முன்வரிசையில வந்து உட்கார்ந்திருக்கிற கவுன்சிலர் அக்கா அவர்களுக்கும் (அக்கா, போன கூட்டத்துல கேட்ட ஃபேன் இன்னைக்கு சுத்துது, அதுக்குத் தனியா ஒரு நன்றி), என்னைப் பேசக் கூப்பிட்ட செயலாளர் தம்பிக்கும், மைக் செட் தம்பிக்கும், பிள்ளைங்களத் தூக்கிட்டு வந்துருக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

சீனக் காதல் தொடர்கள், அதுல ஹீரோ ஹீரோயின் நடிப்பு, இதான் எனக்குக் குடுத்த தலைப்பு. மூணு விஷயம் பேசப்போறேன். ஒண்ணு முகம், ரெண்டு குரல், மூணு எபிசோடு கணக்கு. எங்கப்பா எதுக்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்வாரு, கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்னு. இந்தத் தொடருங்களப் பார்க்க ஆரம்பிச்ச பிறகுதான் அதோட அருமை எனக்குப் புரிஞ்சுது.

முகத்துல ஆரம்பிக்கிறேன். 2018ல வந்த ஆஷஸ் ஆஃப் லவ் பார்த்தவங்க கை தூக்குங்க. பரவால்லயே, நிறைய பேர் இருக்கீங்க. அதுல ஹீரோயினா நடிச்ச யாங் ஸிக்குப் பொறந்தவுடனே அம்மாக்காரி ஒரு மாத்திரையைக் குடுத்துர்றா, இவ காதல்னா என்னன்னே தெரியாம வளரட்டும்னு. அப்பாவைக் கொன்னது இவன்தான்னு நம்பி, இன்னொருத்தனோட நடக்கிற தன் கல்யாண மண்டபத்துலயே, தன்னை உயிரா நினைச்சவனைக் குத்திர்றா. குத்தின பிறகு ரத்தத்தோட அந்த மாத்திரை வெளிய வருது, அப்பதான் நெஞ்சுல என்ன இருந்துச்சுன்னு அவளுக்கே தெரியுது. அழுகை வர்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் எதுவுமே புரியாம முழிக்கிறா பாருங்க, கீழ விழுந்த குழந்தை அழலாமா வேண்டாமான்னு பார்க்குமே அந்த மாதிரி, அதான் நடிப்பு. சின்ன வயசுலயே டிவியில நடிச்சு வளர்ந்த பொண்ணு அது.

2022ல வந்த லவ் பிட்வீன் ஃபேரி அண்ட் டெவில்ல ஹீரோவும் ஹீரோயினும் உடம்பு மாறிப் போற கட்டம் இருக்கு. டிலன் வாங் அவ்ளோ பெரிய அசுரத் தலைவன், திடீர்னு பொண்ணு மாதிரி தோளைக் குறுக்கிட்டு முழங்காலைச் சேர்த்து உட்கார்றாரு, ஹீரோயின் யூ ஷுஷின் முதுகை நிமித்தி எல்லாரையும் மேலருந்து கீழ பார்க்குது. ஜோடிப் பொருத்தம் ஜோடிப் பொருத்தம்னு சொல்றோமே, அழகா இருக்கிற ரெண்டு பேரைப் பக்கத்துல நிறுத்துறதா அது? எதிர்ல இருக்கிற ஆளை எவ்ளோ கவனிச்சிருந்தா அவங்களாவே மாற முடியும்!

சரி, குரலுக்கு வர்றேன். இதுக்குத்தான் நான் வந்ததே.

2011ல வந்த எம்ப்ரஸஸ் இன் த பேலஸ்ல ஜென் ஹுவான்ங்கற ஹீரோயினா நடிச்சவங்க சுன் லி. டிவி தொடருங்களுக்குக் குடுக்கிற சர்வதேச எம்மி விருதுக்கே சிறந்த நடிகைன்னு பேரு போச்சு. ஆனா அந்த ஜென் ஹுவானுக்குக் குரல் குடுத்தது ஜி குவான்லின்னு வேற ஒரு அம்மா. நாம பாராட்டினது ரெண்டு பொம்பளைங்களோட உழைப்பை, பேரு தெரிஞ்சது ஒருத்தருக்கு. ஏன் இப்படின்னா, சீனாவுல ஜெஜியாங் மாகாணத்துல ஹெங்டியன்னு ஒரு ஷூட்டிங் ஊரு, 1996ல ஒரு படத்துக்காக செட் போட்டு ஆரம்பிச்சது, இன்னைக்கு பெய்ஜிங் அரண்மனையையே அங்க கட்டி வச்சிருக்காங்க. ஒரே நேரத்துல பல யூனிட் பக்கத்துப் பக்கத்துல ஷூட்டிங் பண்ணும்போது சத்தத்துக்குக் கேக்கணுமா, அதோட தைவான்லருந்து வர்றவங்க பேசுற மாண்டரின், அதான் சீன மொழி, வேற மாதிரி ஓடும், அதனால பின்னாடி டப்பிங்ல சேர்த்துக்குறாங்க. 2018ல ரூயி தொடர்ல ஹீரோயின் ஜௌ ஷுன் தன்னோட சொந்தக் கரகரப்புக் குரல்லயே பேசினாங்க, சின்னப் பொண்ணு வேஷத்துக்கு இந்தக் குரலான்னு அங்க ஒரே பேச்சு. எனக்கு அந்தக் குரல்தான் புடிச்சுது, வயசாக ஆக அது அந்தப் பாத்திரத்து மேல அப்படியே போய் உட்காருது.

இப்ப எங்க அத்தை கதையைச் சொல்லியே ஆகணும், தலைவர் அய்யா மன்னிக்கணும். அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் முடிஞ்சு வீட்ல இருந்தாங்க, டிவி பார்க்கக் கூடாது. ஹால்ல டிவிக்கு முதுகைக் காட்டி ஈஸி சேரைப் போட்டு உட்கார்ந்துருவாங்க, நானும் என் பொண்ணும் தொடர் பார்ப்போம், கதையை நான் சொல்லிட்டே வரணும், நடுவுல குக்கர் விசில் வந்தா எந்திரிச்சு ஓடணும். அரண்மனைத் தொடர்ல ராணிங்கள நியாங்நியாங்னு கூப்பிடுவாங்கல்ல, அத்தை நாலே நாள்ல என்னையே "நியாங்நியாங், காப்பி எங்கடி"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு தொடர் முடிஞ்சு அடுத்தது போட்டோம், வேற ஹீரோயின், வேற கதை. பத்து நிமிஷம் ஆகல, அத்தை சொல்றாங்க "ஏன்டி, இவ நேத்து செத்துப் போனாளே, மறுபடி எப்படி வந்தா?" இல்ல அத்தை, இது வேற பொண்ணுன்னு நான் சொல்றேன், "எனக்குக் கண்ணுதான்டி கட்டிருக்கு, காதை யாரும் கட்டல, மூச்சை இழுத்துட்டு அழறவ அவளேதான்"ங்கறாங்க. என் பொண்ணு ரெண்டு தொடரோட கடைசி பேர் லிஸ்டையும் நிறுத்தி, செல்போன் கேமராவைக் காட்டி மொழிபெயர்த்துப் பார்த்தா, டப்பிங்ங்கற இடத்துல ரெண்டுலயும் அதே எழுத்து, அதே பேரு! நாங்க ரெண்டு பேரும் கண்ணை விரிச்சு வச்சுட்டுப் பார்த்தோம், கண்ணைக் கட்டின அத்தைதான் கண்டுபிடிச்சாங்க. கண்ணால் காண்பதும் பொய்னு அப்பா சொன்னது இதைத்தான்.

அங்கயாவது கடைசியில பேரு போடுறாங்க, ஆனா அது வர்றதுக்குள்ள ஆப்புல அடுத்த எபிசோடுன்னு பட்டன் வந்து மூடிரும். நம்ம பக்கம் தமிழ்ல டப் பண்ணி வர்றதுல, நான் பார்த்த வரைக்கும், பல தொடர்ல அந்தப் பேரே கிடையாது. சிம்ரனுக்கும் ஜோதிகாவுக்கும் பேசினது சவிதா ரெட்டின்னு நமக்கு எத்தனை வருஷம் கழிச்சுத் தெரிஞ்சுது? என் சித்தி பொண்ணு சாலிகிராமத்துல டப்பிங் பேசுறா. ஒரு தொடருக்கு முழுக்க ஹீரோயினுக்கு அவதான் பேசினா, அழுது அழுது தொண்டை கட்டி ரெண்டு நாள் வெந்நீர்லயே கிடந்தா, கடைசியில அவ பேரு எங்கயும் வரல. எந்தக் கம்பெனின்னு நான் சொல்ல வரல, எல்லாருமே போடணும்னு கேக்கறேன். எபிசோடு ஆரம்பத்துல ஹீரோயின் பேரு வருதுல்ல, அதுக்குக் கீழ "குரல்"னு ஒரு வரி. அஞ்சு செகண்டு கூட ஆகாது.

மூணாவது, எபிசோடு கணக்கு. 2020ல சீன அரசாங்கமே 40 எபிசோடுக்கு மேல போகாதீங்கன்னு சொல்லிருச்சு, அதுக்கு முன்னாடி வந்த ரூயி 87. அதைப் பத்திப் பேச நிறைய இருக்கு, ஆனா செயலாளர் தம்பி வாட்சைக் காட்டிட்டாரு.

பின்னாடி டேபிள்ல ஒரு மனு வச்சிருக்கேன், தமிழ் டப்பிங்ல குரல் குடுத்தவங்க பேரைப் போடணும்னு. முதல் கையெழுத்து அத்தையோடது, கட்டு அவுத்த பிறகு போட்டது. கவுன்சிலர் அக்கா, ரெண்டாவது இடத்தை உங்களுக்காகத்தான் காலியா விட்டுருக்கேன். பேனா ரெண்டு இருக்கு, எழுதுறவங்க ஊர்ப் பேரையும் சேர்த்து எழுதுங்க.