இல்லாத ஊருக்கு ஒரு வழி

(வேலூரில் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியோருக்கும் இளையோருக்கும் வணக்கம்.

துப்பறியும் தொடர்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். கொலையாளி யார் என்று தெரிந்த பிறகும் நான் மறுபடி மறுபடி பார்க்கும் தொடர் 'மிட்சமர் மர்டர்ஸ்'. காரணம், அதில் வரும் ஊர்கள். 1997 மார்ச்சில் இங்கிலாந்தின் ஐடிவி தொலைக்காட்சியில் தொடங்கிய தொடர் இது. பார்னபி என்ற துப்பறியும் அதிகாரியை வைத்துக் கரோலின் கிரகாம் எழுதிய நாவல்களிலிருந்து பிறந்தது. 2011 வரை ஜான் நெட்டில்ஸ் துப்பறிபவராக நடித்தார், பிறகு நீல் டட்ஜன் வந்தார்.

மிட்சமர் என்று ஒரு மாவட்டமே அங்கே கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டுஷயரிலும் பக்கிங்காம்ஷயரிலும் உள்ள நிஜ ஊர்களை ஒட்டுப்போட்டுச் செய்த கற்பனை அது. ஓர் ஊரின் தேவாலயம், இன்னோர் ஊரின் புல்வெளி, மூன்றாவது ஊரின் மதுக்கடை, எல்லாம் சேர்ந்து திரையில் ஒரே கிராமமாகிவிடும். அதனால் இடம் தேடிப் போகிறவர் ஒரு கதைக்காகவே நாலு ஊர் நடக்க வேண்டியிருக்கும். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

பிள்ளைகளைப் பார்க்க லண்டன் பக்கம் போகிறவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். ரெடிங்கிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு போகும் பேருந்தில் ஏறி வாலிங்ஃபோர்டில் இறங்குங்கள். தொடரில் வரும் காஸ்டன் நகரம் பெரும்பாலும் இதுதான். சந்தைத் திடலில் நிற்கும் பழைய தானிய மாளிகை, திரையில் காஸ்டன் நாடக அரங்கம். நிஜத்திலும் அது நாடக அரங்கம்தான், உள்ளூர் நாடகக் குழுவே நடத்துகிறது. துப்பறியும் கதை எழுத்தாளர் அகதா கிறிஸ்டிக்கு 1934 முதல் இந்த ஊரில் வீடு இருந்தது. 1976-இல் இங்கேதான் காலமானார். பக்கத்து ஊரான சோல்சியின் தேவாலய வளாகத்தில் அவர் கல்லறை இருக்கிறது. துப்பறியும் கதை படிப்பவர்கள் அதைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

அப்புறம் ஹாடனம். அந்த ஊர்ச் சுவர்களை நான் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அங்கே கிடைக்கும் வெள்ளைச் சுண்ண மண்ணை வைக்கோலோடு மிதித்துப் பிசைந்து, படை படையாக எழுப்பிய மண் சுவர்கள். மழை இறங்காமல் இருக்கத் தலையில் ஓடு வேய்ந்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் மண் மதில்மேல் ஓலை செருகுவோமே, அதே அறிவு. நூற்றாண்டுகள் தாண்டியும் பழுது பார்த்துப் பார்த்துக் காப்பாற்றுகிறார்கள். லாங் கிரெண்டனில் 15-ஆம் நூற்றாண்டு நீதிமன்றக் கட்டடம் ஒன்று. மரச்சட்டம் வளைந்துபோன அந்த வீட்டை 1900-இலேயே நேஷனல் டிரஸ்ட் என்ற பழமை காக்கும் அமைப்பு வாங்கிவிட்டது. தொடர் வருவதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் முன்பு! படப்பிடிப்புக்காரர்கள் வந்தபோது ஊர் தயாராக இருந்தது என்றால், அதற்கு முன்பே யாரோ காப்பாற்றி வைத்திருந்தார்கள் என்பதால்தான்.

எல்லாவற்றையும் விட என்னை அசத்தியது நடைபாதைகள். ஊரிலிருந்து ஊருக்கு வயல் நடுவே நடந்தே போகலாம். நிலம் தனியாருடையது, ஆனால் நடக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. 1949-இல் வந்த ஒரு சட்டம் அந்தப் பாதைகளை வரைபடத்தில் பதியச் சொன்னது. விவசாயி உழுதாலும் பாதையை மறுபடி சீராக்கித் தர வேண்டும். வேலிப் படியில் மஞ்சள் அம்புக்குறி இருக்கும். மொழி சரியாக வராதவர்கூட வழி தவற மாட்டார். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: அந்த வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். தோட்டத்துக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம். 1989-இல் பிரிவதற்கு முன் திருவண்ணாமலையும் செங்கமும் நம் வட ஆர்க்காடு மாவட்டத்தில்தான் இருந்தன. செங்கத்தைச் சுற்றிக் கிடைத்த நடுகற்களைப் படித்தால், யார் செத்தார், யார் ஆட்சியில், எந்தச் சண்டையில் என்று சில வரிகளில் சொல்லிவிடுகின்றன. தண்டராம்பட்டுப் பக்கம் எடத்தனூரில் ஒரு கல். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு. எருமை மந்தையைக் காக்கும் சண்டையில் கருந்தேவக்கத்தி என்ற வீரன் விழுகிறான். அவனுடைய நாய், அதன் பெயர் கோவிவன், திருடர் இருவரைக் கடித்துவிட்டு அங்கேயே காத்து நிற்கிறது. பலியானவன், குற்றவாளிகள், சாட்சி, எல்லாம் ஒரே கல்லில்! நாயின் பெயரைக்கூட விடாமல் பொறித்த ஊர் இது. 1,400 ஆண்டு ஆகப்போகிறது. எந்தத் திரைக்கதையும் எனக்கு இதைப்போல் சிலிர்ப்புத் தந்ததில்லை.

இப்படிப்பட்ட கற்கள் பல இன்னும் ஏரிக்கரையிலும் வயல் ஓரத்திலும் நிற்கின்றன. மகேந்திரவாடியில் ஒற்றைப் பாறையைக் குடைந்த கோயில் இருக்கிறது, வள்ளிமலையில் சமணர் செதுக்கிய சிற்பங்கள் இருக்கின்றன. போய்ப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றால் இந்த அரங்கில் எத்தனை கை எழும்?

வாலிங்ஃபோர்டில் படப்பிடிப்பு இடங்களைக் காட்ட ஒரு வழிகாட்டித் தாள் தருகிறார்கள். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். அந்த மாதிரி ஒன்று நமக்கும் வேண்டும். எந்த ஊர், எந்தப் பேருந்து, இறங்கி எந்தப் பக்கம் நடப்பது, கல்லில் என்ன எழுதியிருக்கிறது, யாருடைய நிலம், யாரிடம் கேட்டுவிட்டு உள்ளே போவது, இவ்வளவு போதும். எடத்தனூருக்கான தாளை நான் எழுதித் தருகிறேன். மகேந்திரவாடிக்கும் வள்ளிமலைக்கும் யார் எழுதுகிறீர்கள்? கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்பேன், வந்து பெயர் கொடுங்கள்.