ஒரே காந்தாரம், நாலு கார்டு

வணக்கம். கம்ப்யூட்டரில் பாட்டு செய்யும் பிள்ளைகளுக்காகக் கார்டு பற்றிக் கொஞ்சம் பேசுங்கள் என்று இந்த வானொலி நிலையத்தார் கூப்பிட்டார்கள். ரேஷன் கார்டு இல்லை, கீபோர்டில் மூன்று கட்டைகளைச் சேர்த்து அமுக்குகிறோமே, அது. பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் புரியவைக்க முடியாது என்பதால் கீபோர்டையும் தூக்கி வந்துவிட்டேன்.

நான் தொடங்கிய காலத்தில் தியரி எதுவும் தெரியாது. யாரோ செய்து வைத்த மிடி கோப்புகளை, அதாவது எந்தக் கட்டையை எப்போது அமுக்க வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கோப்புகளை, இறக்கி, சி மேஜர், ஜி மேஜர், ஏ மைனர், எஃப் மேஜர் என்று நாலு கார்டுக் கட்டங்களைத் திரையில் இழுத்துப் போட்டால் பாட்டு மாதிரியே கேட்கும். எத்தனையோ பாப் பாட்டுகள் ஓடிய தடம் அது, கேட்காமல் என்ன செய்யும்? அப்படித்தான் ஒரு இனிப்புக் கடை ஜிங்கிளுக்கும், அதாவது விளம்பரப் பாட்டுக்கும், போட்டேன். மெட்டு மோகன ராகம். பாட வந்த அம்மா ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "தம்பி, மோகனத்துல மத்யமம் எங்கேருந்து வந்தது?" என்றார். எனக்கு மத்யமம் என்றால் என்னவென்றே தெரியாது. சவுண்ட் இன்ஜினியர் சிரித்தது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

அன்று ராத்திரி உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். ஒரு கட்டை சுருதியில், அதாவது ஸ என்பது சி என்றால், மோகனத்தின் ஸ ரி க ப த ஐந்தும் சி, டி, ஈ, ஜி, ஏ. நான் போட்ட எஃப் கார்டுக்கு அடி சுரமே மத்யமம், அதாவது ம தான், ஜி கார்டின் நடுவில் நிஷாதம் என்கிற நி வேறு உட்கார்ந்திருக்கிறது. இந்த ஐந்து சுரத்துக்குள் முழுசாகக் கிடைக்கிற மேஜர், மைனர் கார்டு இரண்டே இரண்டு: ஸ க ப சேர்ந்த சி மேஜர், த ஸ க சேர்ந்த ஏ மைனர். வெளிச் சுரம் வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை, தெரிந்தே வைத்தால் அருமையாக இருக்கும். நான் வைத்தது தெரியாமல், சோற்றில் கல் கடிபட்ட மாதிரி.

சரி, இப்போது கேளுங்கள். வலது கையில் காந்தாரத்தை, அதாவது க என்கிற ஈ கட்டையை, விடாமல் பிடித்துக்கொள்கிறேன். இடது கையில் சி மேஜர். நிம்மதியாக இருக்கிறதா? அதே சுரத்துக்கு அடியில் ஏ மைனர், கொஞ்சம் மேகம் போட்டுவிட்டது. அப்புறம் ஈ மைனர், இங்கே அந்தச் சுரமே அடித்தளமாகிவிடுகிறது. கடைசியாக எஃப். பாடுகிறவர் அசையவே இல்லை, ஆனால் ஏதோ ஏங்குகிற மாதிரி ஆகிவிட்டது பாருங்கள். காரணம், எஃப்பில் இருந்து பார்த்தால் அந்த ஈ ஏழாவது சுரம், மேல் எஃப்பைத் தொட அரை சுரம்தான் பாக்கி. கார்டு படிப்பது என்று நான் சொல்வது இதைத்தான். நோட்டுப் புத்தகத்தில் எழுதிய பெயர்கள் நாலு நாளில் மறந்துவிடும், காதில் ஏறிய இந்த வித்தியாசம் மறப்பதில்லை.

இன்னொரு சங்கதி, விரல். கட்டங்களை இழுத்துப் போட்டால் மொத்தக் கார்டும் தவளை மாதிரி தாவும். அப்படி வேண்டாம். சி, ஈ, ஜி வாசித்த கையில் ஜி விரலை அப்படியே வைத்து மற்ற இரண்டையும் ஒவ்வொரு படி, அதாவது பக்கத்து வெள்ளைக் கட்டைக்கு, இறக்கினால் பி, டி, ஜி, அதுதான் ஜி மேஜர். மூன்று விரலையும் ஒரு படி ஏற்றினால் ஏ மைனர். அங்கிருந்து எஃப்புக்குப் போக ஒரே ஒரு விரல் நகர்ந்தால் போதும், ஈயிலிருந்து எஃப்புக்கு. தாவுகிற வேலையை அடியில் ஒலிக்கிற பேஸ் பார்த்துக்கொள்ளும்.

பெயர்களை எண்ணாகவும் பழகுங்கள், சியை ஒன்று என்று வைத்து எண்ணினால் நம் சி, ஜி, ஏ, எஃப் நாலும் 1, 5, 6, 4 என்று வரும். பாடுகிறவர் "இரண்டு கட்டைக்கு ஏத்திக்கலாமா" என்று கேட்டால் ஒன்று என்பது டி ஆகும், அவ்வளவுதான், மற்றதெல்லாம் தானே பின்னால் வரும்.

அந்த ஜிங்கிளை எப்படிச் சரிசெய்தேன் என்று கேட்பீர்கள். எஃப்பை எடுத்துவிட்டு ஏ மைனரையே நீட்டினேன். ஜி மேஜரில் நிஷாதத்தைத் தூக்கிவிட்டு ஸவை வைத்தேன், ப ஸ ரி, ஜி சஸ்ஃபோர் என்பார்கள், முழுக்க மோகனத்துக்குள்ளேயே இருக்கிறது. இதோ வாசிக்கிறேன், கடை பெயர் வரும் இடத்தில் மட்டும் முனகிவிடுகிறேன், இல்லாவிட்டால் நிலையத்தார் விளம்பரக் கட்டணம் கேட்பார்கள்.