கத்தரி அதிகம் படாத துணி

நேயர்களுக்கு வணக்கம்.

கிமோனோ என்றதும் நமக்குப் பட்டும் பூவேலையும் நினைவுக்கு வரும். ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு 'உடுத்தும் பொருள்' என்றுதான் அர்த்தம். பூவேலையை இன்றைக்கு விட்டுவிட்டு, அதைத் தைப்பவர் பக்கம் போய் உட்காருவோம்.

கிமோனோத் துணி சுருளாக வரும். அகலம் 36 முதல் 38 சென்டிமீட்டர். ஒரு முழம்கூடத் தேறாது. நீளம் சுமார் 12 மீட்டர். ஓர் ஆளுக்கு ஒரு சுருள். அதை நேர்கோட்டில் எட்டுத் துண்டாக்குவார்கள். உடம்புக்கு இரண்டு, கைகளுக்கு இரண்டு, முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று படிய இரண்டு, கழுத்துப்பட்டைக்கு இரண்டு. அக்குளுக்கு வளைவு, இடுப்புக்குக் குறுக்கம் என்ற பேச்சே கிடையாது. பெண்களுக்கான கிமோனோ ஆளைவிட நீளமாகவே இருக்கும். மிஞ்சியதை இடுப்பில் மடித்துக் கட்டி, மேலே 'ஓபி' என்ற கச்சையைச் சுற்றிவிட்டால் உயரம் சரியாகிவிடும். அந்தக் கச்சையே நான்கு மீட்டர்!

இப்படி வெட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. முன்பெல்லாம் உடை அழுக்கானால் தையல் முழுவதையும் பிரிப்பார்கள். துண்டுகளை வரிசையாக இணைத்தால் பழைய நீளத்துணி திரும்பக் கிடைத்துவிடும். அதைத் துவைத்து, கஞ்சி போட்டு, விறைப்பாக இழுத்துக் கட்டிக் காயவைத்து, மறுபடி தைப்பார்கள். சாயம் மங்கியிருந்தால் கூடுதல் அழுத்தமான சாயத்தில் ஒரு முக்கு. அம்மாவின் உடை மகளுக்கு வரும். நைந்து போனால் குழந்தைக்கு அணைத்துணி, அதற்கும் ஆகாவிட்டால் தரை துடைக்க. எனக்குக் கிமோனோவில் பிடித்ததே இந்தக் கருமித்தனம்தான்.

கியோட்டோவில் வாடகைக்குக் கிமோனோ கிடைக்கும். போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். உடுத்துபவரின் இடப்பக்கம்தான் மேலே வரவேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை.

டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்தில், வணிகர்கள் கையில் பணம் புழங்கியது; ஆனால் அவர்கள் என்ன உடுத்தலாம், என்ன நிறம் போடலாம் என்பதை அரசு சட்டம் போட்டுக் கட்டிவைத்தது. அவர்களா அடங்குவார்கள்? மேலே பழுப்பு, சாம்பல் என்று அடக்கமாக உடுத்திக்கொண்டு, உள் துணியில் ஓவியமே தீட்டிவைத்தார்கள். அந்தப் பழுப்பிலும் சாம்பலிலும் எத்தனை சாயல்கள்! நாற்பத்தெட்டுப் பழுப்பு, நூறு சாம்பல் என்று ஒரு வழக்கே அங்கே உண்டு.

அந்த நாளில் எடோக்காரர்கள் கிறங்கிப்போன இன்னொன்று, மெல்லிய கோடு போட்ட பருத்தி. டச்சுக் கப்பல்களில் நாகசாகிக்கு வந்து இறங்கிய அந்தத் துணியின் பெயர் 'சான்தோமே'. ஆம், நம் சாந்தோம்தான். மயிலாப்பூர்க் கடற்கரையில் போர்ச்சுகீசியர் வைத்த ஊர்ப்பெயர், சோழமண்டலக் கரைத் துணியோடு கப்பலேறி, ஜப்பானில் துணிக்கே பெயராகிவிட்டது. பிறகு டோக்கியோவுக்கு அருகே கவாகோயே ஊர்க்காரர்கள் அந்தக் கோடுகளைத் தாங்களே நெய்து பேர் வாங்கினார்கள். நம் தறிக்காரர் யாருக்கும் இந்தச் சேதி எட்டியிருக்காது.

மெய்ஜி பேரரசர் காலத்தில், 1870களில், அதிகாரிகள் கோட்டு சூட்டுக்கு மாறினார்கள். பெண்கள் வெகுகாலம் கிமோனோவிலேயே இருந்தார்கள். டோக்கியோவில் ஹராஜுக்கு என்ற பகுதியில் இளைஞர்கள் போட்ட வண்ண வேடங்களைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். பார்க்க வேடிக்கை, அதைப் பேச எனக்கு வயது போதாது, அல்லது கூடிவிட்டது.

நான் சொல்ல வந்த ஆள், உடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே. 1938இல் ஹிரோஷிமாவில் பிறந்தவர். குண்டு விழுந்தபோது ஏழு வயது. பாரிஸில் தொழில் கற்றவர், ஐரோப்பியத் தையல் நன்றாகத் தெரியும். ஆனாலும் துணிக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் அவரை இழுத்தது. வழக்கமாக மடிப்பு வைத்த துணியை வாங்கி உடை தைப்பார்கள். மியாகே உடையை இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாகத் தைத்துவிட்டு, காகிதங்களுக்கு நடுவே வைத்துச் சூட்டில் அழுத்தி மடிப்பு ஏற்றினார். பாலியெஸ்டர் என்பதால் மடிப்பு கலையாது. கையால் துவைக்கலாம், இஸ்திரி வேண்டாம், சுருட்டிப் பெட்டியில் திணிக்கலாம். 1993இல் 'பிளீட்ஸ் பிளீஸ்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. ஸ்டீவ் ஜாப்ஸ் விடாமல் போட்டாரே, கழுத்து மூடிய கறுப்புச் சட்டை, அதுவும் மியாகே கொடுத்ததுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவரும் டாய் ஃபுஜிவாரா என்ற வடிவமைப்பாளரும் இன்னும் ஒரு படி போனார்கள். கணினி ஓட்டும் எந்திரத்தில் துணியைக் குழாய்போலப் பின்னுவது. சட்டை, பாவாடை, தொப்பி என்று அத்தனையின் வெட்டுக்கோடும் பின்னலிலேயே இருக்கும். பிரியாது, தைக்கவும் வேண்டாம். அப்போது கடையில் சுருளாகக் கொடுத்தார்கள். கை நீளமா, குட்டையா, கழுத்து எவ்வளவு இறக்கம் என்று வாங்கியவரே வீட்டில் உட்கார்ந்து, கத்தரியை எடுத்துக் கோட்டின்மேல் வெட்டிக்கொண்டார்.

வணக்கம்.