தோலுக்கு அடியில் ஓர் அசைவு

நேயர்களுக்கு வணக்கம்.

படுக்கையில் ஒருவர் மல்லாந்து கிடக்கிறார். சட்டைப் பொத்தான்கள் கழன்றிருக்கின்றன. தொப்புளுக்கு மேலே வயிறு லேசாக எழும்பி அடங்குகிறது. மூச்சு வாங்குகிறார் என்று நினைக்கிறோம். அடுத்த கணம் அந்த மேடு இடம் மாறி விலாவை நோக்கி நகர்கிறது. அவர் அலறவில்லை. வயிற்றைத் தடவிக்கொடுத்து, அதனோடு செல்லம் கொஞ்சுகிறார்.

1975இல் வெளிவந்த 'ஷிவர்ஸ்' என்ற கனடியப் படத்தில் வருகிறது இந்தக் காட்சி. தோலுக்கு அடியில் நகர்வது ஓர் ஒட்டுண்ணி. இப்படி ஓர் ஒட்டுண்ணித் திகில் படத்தைக் குறைந்த செலவில் எடுப்பது பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். எழுதி இயக்கியவர் டேவிட் க்ரோனன்பெர்க். திரையரங்குகளுக்கென்று அவர் எடுத்த முதல் வணிகப் படம் இது. மான்ட்ரியல் நகரை ஒட்டி, செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக்குள் இருக்கிறது நன்ஸ் தீவு. அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 15 நாளில் படப்பிடிப்பை முடித்தார்கள். மொத்தச் செலவு ஏறத்தாழ 1,79,000 கனடிய டாலர். வகுத்துப் பார்த்தால் நாளுக்கு 12,000 டாலர்கூட வரவில்லை. படம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் தினமும் கிட்டத்தட்ட 6 நிமிடப் படம் கைக்கு வந்தாக வேண்டும். ஒரு ஷாட்டுக்கு லைட் வைக்கவே முக்கால் மணி நேரம் ஓடிவிடும் என்பது படப்பிடிப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பேய்க்கு ஒரு பாழடைந்த பங்களா வேண்டும். ராட்சத மிருகத்துக்கு முழு உடம்பையே செய்தாக வேண்டும். ஒட்டுண்ணிக்கோ நடிகரின் உடம்பே வீடு. படத்தின் பெரும்பகுதியில் அது கண்ணில் படவே தேவையில்லை. கையில் காசு குறைந்தவர்களுக்கு இதைவிடத் தோதான பூதம் கிடையாது. ஆனால் அந்தச் சிக்கனத்தைத் திரைக்கதை எழுதும்போதே தேடிக்கொள்ள வேண்டும். படப்பிடிப்பு நாளில் தேடினால் கிடைக்காது.

'ஷிவர்ஸ்' கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழுதான உடல் உறுப்புக்குப் பதிலாக வேலை செய்யும் ஒட்டுண்ணி ஒன்றை உருவாக்குவதாகச் சொல்லிக்கொள்கிறார் ஒரு மருத்துவர். உண்மையில் அவர் வளர்ப்பது மனிதரின் காம இச்சையை வெறியாக்கிப் பரவும் ஓர் உயிரை. அதைத் தாங்கிய இளம்பெண்ணை அவரே கொன்று, தன்னையும் மாய்த்துக்கொள்கிறார். அதற்குள் அது கட்டடத்தில் பலருக்குப் போய்விட்டது. மீதிக் கதை முழுக்க ஒரே கட்டடத்துக்குள் நடக்கிறது: மாடிப்படி, லிஃப்ட், சலவை அறை, நீச்சல் குளம். யூனிட் வண்டி ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. தீவு என்பதால், 'இவர்கள் ஏன் ஓடிப்போகவில்லை' என்று கேட்கிறவருக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடுகிறது.

இத்தகைய கதை எழுத உட்காருகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இந்தப் புழுவுக்கு என்ன வேண்டும்? 'கொல்ல வேண்டும்' என்று எழுதினால் கதை அங்கேயே படுத்துவிடும். ஓம்புயிரி, அதாவது அது குடியிருக்கும் உடம்பு, செத்தால் ஒட்டுண்ணிக்கு நஷ்டம். அது அடுத்த உடம்புக்குப் போக வேண்டும். அதற்கு இந்த உடம்பு ஏதோ ஒன்றைச் செய்தாக வேண்டும்.

இதற்கு நிஜ வாழ்க்கையில் ஓர் உதாரணம் உண்டு. நம் ஊர்ப் பெரியவர்கள் சிலருக்குப் பெயராவது ஞாபகம் இருக்கும். நரம்புச் சிலந்தி. கினியா புழு என்றும் சொல்வார்கள். இதன் இளம்புழு குளத்து நீரில் உள்ள மிகச்சிறிய நீர்ப்பூச்சிகளுக்குள் இருக்கும். வடிகட்டாத நீரைக் குடித்தவர் உடம்பில் அது சுமார் ஓராண்டு வளரும். பெண் புழு 1 மீட்டர் நீளம்வரைகூட எட்டி, பெரும்பாலும் காலில் கொப்புளமாகக் கிளம்பும். கொப்புளம் நெருப்பாய் எரியும். எரிச்சல் தாங்காமல் அவர் காலைத் தண்ணீரில் வைப்பார். வைத்த மாத்திரத்தில் புழு தன் குஞ்சுகளை லட்சக்கணக்கில் நீருக்குள் விட்டுவிடும். மறுபடி நீர்ப்பூச்சி, மறுபடி குடிநீர். புழுவை ஒரு குச்சியில் சுற்றி நாளுக்குச் சில சென்டிமீட்டராக, வாரக்கணக்கில் வெளியே எடுப்பார்கள். அறுந்துவிட்டால் உள்ளே சீழ் பிடிக்கும். இந்தியா இந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டில் சான்றளித்தது. குழாய்நீரும் வடிகட்டும் துணியும் சாதித்த வெற்றி அது.

அந்த மனிதர் செய்த காரியத்தை யோசித்துப் பாருங்கள். காலைத் தண்ணீரில் நனைத்தார். அவ்வளவுதான். அவருக்கு அது நிவாரணம், புழுவுக்கு அது பிரசவம். இப்படி ஒரு செயலைக் கண்டுபிடித்துவிட்டால் படத்தில் பாதிச் செலவு மிச்சம். ஒருவர் பித்தளைக் குடத்துக்குள் கையை விட்டு அசையாமல் நிற்பதைப் படமாக்க என்ன செலவாகும்? புழு இன்னதென்று தெரிந்த பார்வையாளருக்கு அதுவே போதும்.

இன்னொன்று. ஒட்டுண்ணி பிடித்தவர் என்றதும் கண்ணை வெறிக்கவைத்து, கையை நீட்டி நடக்கச் சொல்வது பழகிப்போன வழக்கம். ஓபியோகார்டிசெப்ஸ் என்ற பூஞ்சை எறும்பைப் பிடித்து, தரையிலிருந்து சுமார் 25 சென்டிமீட்டர் உயரத்தில் ஓர் இலையின் அடிப்பக்கம் கொண்டுபோய், நரம்பைக் கடித்தபடி சாகவைக்கிறது. தாய்லாந்துக் காடுகளில் அளந்து சொன்ன உயரம் இது. அமெரிக்க ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில் பூஞ்சையின் செல்கள் எறும்பின் தசை நார்களைச் சுற்றி வலைபோலப் பின்னியிருந்தன. மூளைக்குள் அவை நுழையவே இல்லை. நடிகருக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். கண்ணும் பேச்சும் அவருடையவை, கைகால் மட்டும் அவருடையது இல்லை. 'வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறக்கும் கை, வெறித்த கண்ணைவிடப் பத்து மடங்கு அச்சம் தரும்.

இனி அந்த வயிற்றுக்கு வருகிறேன். 'ஷிவர்ஸ்' படத்தில் இதைச் செய்தவர் மேக்கப் கலைஞர் ஜோ பிளாஸ்கோ. பொய்த்தோலுக்கு அடியில் காற்றுப் பைகளை வைத்து, குழாய் வழியே ஊதி இறக்குவதுதான் முறை. 1980களில் ஹாலிவுட் திகில் படங்களில் இது பரவலாயிற்று. இன்றும் குறும்படம் எடுக்கிறவர் சில நூறு ரூபாய்ப் பொருள்களில் செய்து பார்க்கலாம். எங்கெங்கே சறுக்கும் என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். நடிகரின் முன்கை உட்புறத்தில் முந்தின நாளே ஒரு சொட்டுத் திரவ லேட்டக்ஸும் (பொய்த்தோல் செய்யும் ரப்பர் பால்) ஒரு சொட்டு ஸ்பிரிட் கம்மும் (அதை உடம்பில் ஒட்டும் பசை) தடவி, அரிப்போ தடிப்போ வருகிறதா என்று 24 மணி நேரம் பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். லேட்டக்ஸ் ஒவ்வாமை விளையாட்டல்ல.

பொய்த்தோலை வழுவழுப்பான கண்ணாடி மேல் பூசி எடுக்கலாம். ஐந்தாறு பூச்சு. ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. ஒவ்வொரு பூச்சையும் முந்தினதைவிட அரை சென்டிமீட்டர் உள்ளே நிறுத்துங்கள். அப்போதுதான் ஓரம் காகிதம்போல மெலிந்து நிஜத்தோலோடு கலக்கும். பலத்துக்காக நடுவே டிஷ்யூ காகிதம் வைப்பது உண்டு. பை வரும் இடத்தில் மட்டும் வைக்கக் கூடாது. காகிதம் தோலை நீளவிடாது. அதனால் ஒரு புள்ளியில் எழ வேண்டிய மேடு, வயிறு முழுவதையும் பூரிபோலத் தூக்கிவிடும். பார்ப்பவர் சிரித்துவிடுவார். உரித்தெடுக்கும்போது இருபுறமும் முகப் பவுடர் தூவாவிட்டால் லேட்டக்ஸ் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரிக்கவே முடியாது.

பைக்குச் சிறு பலூன் போதும். புதுப் பலூன் ஆரம்பத்தில் முரண்டு பிடிக்கும், பிறகு சட்டென்று விரியும். அந்தச் 'சட்' திரையில் அப்பட்டமாகத் தெரியும். பத்து முறை ஊதி இறக்கித் தளர்த்திய பிறகே பயன்படுத்துங்கள். பலூனின் அடிப்பக்கத்தை ஒரு பிளாஸ்டிக் அட்டையில் ஒட்டிவிட்டால் காற்று வெளிப்பக்கம் மட்டும் தள்ளும். மீன்தொட்டிக்கு வாங்கும் மெல்லிய குழாயைப் பலூன் வாயில் செருகி நூலால் இறுக்கிக் கட்டி, தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். குழாயின் மறுமுனையில் 50 மில்லி சிரிஞ்ச். புழு நகர வேண்டுமானால் ஒரே கோட்டில் மூன்று பைகள் வேண்டும். முதலாவது இறங்கத் தொடங்கும்போதே இரண்டாவது ஏற வேண்டும். முழுதாக இறங்கிய பிறகு ஏற்றினால் இரண்டு தனித்தனிக் கட்டிகள்போலத் தோன்றும். இந்தத் தாளத்துக்கு மட்டும் அரைநாள் ஒத்திகை வைத்தாலும் தகும்.

நடிகரை ஏன் படுக்கவைத்தார்கள் என்பது இப்போது விளங்கும். குழாய்களை இடுப்புக்கு அடியில் விட்டு, மெத்தை ஓரமாகக் கட்டிலுக்குக் கீழே கொண்டுபோய்விடலாம். சிரிஞ்சோடு இருப்பவர் அங்கே ஒளிந்துகொள்வார். வயிற்றைத் தடவும் கை, பொய்த்தோலின் ஓரத்தையும் மறைத்துவிடும். வியர்வையில் ஸ்பிரிட் கம் விட்டுக்கொடுக்கும், அதுவும் நம் ஊர் வெயிலில் சீக்கிரமே. ஆகவே இந்த ஷாட்டைக் காலையில் முதலாவதாக எடுங்கள். தோல் பளபளக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவிவிடாதீர்கள். எண்ணெய் பட்டால் லேட்டக்ஸ் ஊறித் துவண்டு கிழியும். கிளிசரின் தடவலாம். லைட்டைப் பக்கவாட்டில் தாழ்வாக வையுங்கள். ஒரு சென்டிமீட்டர் மேட்டுக்கும் நீண்ட நிழல் விழும். நேர் எதிரே வைத்தால் இத்தனை உழைப்பும் கண்ணில் படாது.

ஒட்டுண்ணியின் மேல் வழியும் வழவழப்புக்கு, நீரைக் கெட்டியாக்கும் மெத்தில் செல்லுலோஸ் தூள். 1 லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 30 கிராம். இது குளிர்ந்த நீரில் நேராகப் போட்டால் கட்டி தட்டும்; கொதிநீரிலோ கரையாது. ஆகவே மூன்றில் ஒரு பங்கு நீரை நன்கு சூடாக்கி, தூளைத் தூவிக் கலக்கி, பிறகு மீதி நீரைக் குளிரக் குளிர ஊற்ற வேண்டும். ஆறும்போது தானாகக் குழகுழவென்று ஆகும். ஓர் இரவு வைத்தால் நுரைக் குமிழிகளும் அடங்கும். கிடைக்காவிட்டால் ஜவ்வரிசிக் கஞ்சியை வடிகட்டி எடுங்கள். ஆனால் வெயிலில் சில மணி நேரத்தில் புளித்துவிடும். நடிகரின் வாய்க்குள் போகும் எதுவும் உண்ணத்தக்கதாக, அன்று காலை செய்ததாக இருக்கட்டும். சர்க்கரைப் பாகில் செய்த ரத்தத்துக்கு எறும்பு வரும், சட்டையில் கறையும் போகாது. ஒரே மாதிரிச் சட்டை குறைந்தது மூன்று வாங்கி வையுங்கள்.

ஒட்டுண்ணி முகத்தில் பாய வேண்டுமா? முதலிலேயே முகத்தில் ஒட்டவைத்து, மீன்பிடி நரம்பால் வெடுக்கென்று இழுத்து, எடிட்டிங்கில் பின்னோக்கி ஓட்டுங்கள். நடிகரும் பின்னோக்கியே நடிக்க வேண்டும்: அலறலில் தொடங்கி அமைதியில் முடிக்க வேண்டும். முகத்திலிருந்து வழவழப்பு கீழே சொட்டினால் காரியம் கெட்டது. ஓட்டும்போது அது மேலே ஏறும்.

ஒலியை எப்போதும் தனியாகப் பதியுங்கள். பலூன் கீச்சிடும். ஈரத்துணியைக் கிண்ணத்தில் பிழியும் சத்தம், மைக்கை ஒட்டி வைத்து எடுத்தால், அந்த வயிற்றுக்குள் ஓர் உயிரைக் குடிவைத்துவிடும். 'ஷிவர்ஸ்' படத்துக்குப் புதிதாக இசையமைக்கவும் இல்லை. ஏற்கெனவே பதிவாகியிருந்த இசைத் துண்டுகளைத் தேர்ந்தெடுத்துப் பொருத்தினார்கள். அந்தப் பொறுப்பை ஏற்றவர் தயாரிப்பாளர் ஐவன் ரைட்மன். பின்னாளில் பெரிய நகைச்சுவைப் படங்களை இயக்கியவர்.

இந்தப் படத்தில் ஏற்க முடியாததும் உண்டு. பெண்கள்மீது நடக்கும் பாலியல் தாக்குதல்களை அது தேவைக்கு மேல் காட்டுகிறது. பெரியவர்கள் மட்டும் பார்க்க வேண்டிய படம். அவர்களுக்கும் சில இடங்கள் கசக்கும். இன்று எடுக்கிறவருக்கு அந்த வழி தேவையே இல்லை. தண்ணீரில் கால் வைத்த மனிதர் இருக்கிறாரே.

அன்று கனடாவில் எழுந்த கோபம் வேறு வகை. படத்துக்கு அரசுப் பணம் கிடைத்திருந்தது, 1967இல் தொடங்கிய கனடியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் வழியாக. 'சாட்டர்டே நைட்' இதழில் விமர்சகர் ராபர்ட் ஃபுல்ஃபோர்ட் புனைபெயரில் எழுதினார்: இது எவ்வளவு மோசமான படம் என்று நீங்கள் அறிய வேண்டும், பணம் உங்களுடையது என்ற பொருளில். விவகாரம் நாடாளுமன்றம்வரை போயிற்று. படமோ போட்ட பணத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது. கழகம் உதவிய படங்களில் அன்று அது அபூர்வம்.

படத்தின் தொடக்கத்தில், அந்தக் குடியிருப்பை விற்பதற்கான விளம்பரம் ஓடுகிறது. அசையாத புகைப்படங்கள், மேலே ஒரு மேலாளரின் இனிய குரல். கடை, மருத்துவர், நீச்சல் குளம், எல்லாம் உள்ளேயே. வெளியே போகவே வேண்டாம். சில புகைப்படமும் ஒரு குரலும், அவ்வளவுதான் செலவு. கடைசிக் காட்சியில் அதே குடியிருப்பின் நிலத்தடிக் கார் நிறுத்துமிடத்திலிருந்து கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறி மான்ட்ரியலை நோக்கிப் போகின்றன. உள்ளே இருப்பவர்கள் நன்றாக உடுத்தி, அமைதியாக இருக்கிறார்கள். நகரத்தில் என்ன நடக்கப்போகிறது என்பதை நாம் பார்ப்பதில்லை. வானொலி அறிவிப்பாளர் ஒருவர் அதைச் செய்தியாக வாசிக்கிறார்.

வணக்கம்.